டிக்கியில் இருந்த பெயர்

காருக்குத் தண்ணீர் விட்டுத் தேய்த்து பாலிஷ் போட என்ன செலவாகும்? உங்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ... எனக்குத் தெரியும். போன மாதம்தான் தெரிந்துகொண்டேன். தெரியாமலே இருந்திருக்கலாம்.

கடலூர் செம்மண்டலத்தில் ஒரு பெயின்டிங் பட்டறை. அண்ணனும் நானும் அவருடைய சிவப்புக் காரை எடுத்துக்கொண்டு போயிருந்தோம். பட்டறைக்காரர் ரஃபீக் பாய் முன்பக்கம், பக்கவாட்டு எதையும் பார்க்கவில்லை. அண்ணன் கை காட்டிய இடத்துக்கு நேராகப் போனார். டிக்கி கதவின் முன்னால் குனிந்து, விரலால் தடவிப் பார்த்தார்.

"டிக்கி மட்டும்னா ஆயிரத்து ஐந்நூறு ஆவும் சார். ஆனா அது மட்டும் தனியா மின்னிக்கினு நிக்கும், அசிங்கமா இருக்கும். வண்டி ஃபுல்லா தேச்சு பாலிஷ் போட்டாத்தான் ஒரே கலரு. அதுக்கு ஆறாயிரம்."

நான் அண்ணனைப் பார்த்தேன். இதோ, ஆரம்பிக்கப் போகிறார்...

"சரி பாய். முழுசா போட்டுருங்க."

எனக்குப் பயமாகிவிட்டது.

ஏன் என்று கேட்பீர்கள். இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் அண்ணன் குணசேகரனை நன்றாகத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். துறைமுகத்தில் மீன்காரம்மா கூடையை இறக்கி வைப்பதற்குள் பேரத்தைத் தொடங்கிவிடுகிற ஆள். 'ஒரே விலை' என்று போர்டு மாட்டிய ஜவுளிக் கடையில், அந்த போர்டுக்குக் கீழேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து விலையைக் குறைத்தவர். ஒரு தடவை டாக்டரிடம் பேசிப் பேசி மூன்று ஊசியை இரண்டாக்கினார். அவரோடு கடைக்குப் போவதில்லை என்று நான் சபதமே எடுத்திருக்கிறேன், மானம் போகும்.

அப்படிப்பட்டவர், கேட்ட விலைக்குத் தலையை ஆட்டிவிட்டு நிற்கிறார் என்றால்?

அந்த டிக்கியில் என்ன இருந்தது என்று சொல்ல வேண்டும்.

கார் வாங்கியவுடன் நம் ஆட்கள் செய்கிற முதல் வேலை என்ன? கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பது. இரண்டாவது வேலை, பிள்ளைகளின் பெயரைப் பின்னால் ஒட்டுவது. லாரியோ, ஆட்டோவோ, சொந்தக் காரோ... பின்னால் போகிறவனுக்கு நம் பிள்ளைகளின் பெயர் தெரிந்தே ஆக வேண்டும். அண்ணனும் திருவந்திபுரத்தில் பூஜை போட்டுவிட்டு, நேராக ஸ்டிக்கர் கடைக்குப் போனார். வெள்ளை எழுத்து, ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அகலம். செந்தில் – கவிதா.

செந்திலுக்கு அப்போது வயசு பதினாறு. அப்பா மானத்தை வாங்குகிறார் என்று என்னிடம் போனில் புலம்பினான். "காலேஜ் பஸ் மாதிரி இருக்குது அத்தை, இவ்ளோ பெருசா யாராச்சும் ஒட்டுவாங்களா?" கவிதாவுக்கு வேறு வருத்தம். அவள்தான் மூத்தவள், அவள் பெயர் ஏன் இரண்டாவதாக இருக்கிறது? அண்ணன், ஸ்டிக்கர் கடைக்காரர் அப்படித்தான் வெட்டிக் கொடுத்தார் என்று பழியை அங்கே தள்ளிவிட்டார்.

செந்திலையும் உங்களுக்குத் தெரியும். சிதம்பரத்தில் இன்ஜினியரிங் படித்தவன். ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்காமல் ஞாயிறு தவறாமல் என் வீட்டு ஃப்ரிட்ஜைக் காலி செய்கிற அந்த மருமகன்தான். அவனைக் கிண்டல் செய்து இங்கே நிறைய எழுதியிருக்கிறேன். அப்புறம் திடீரென்று நிறுத்திவிட்டேன். 'உங்கள் மருமகன் எங்கே, ஆளையே காணோம்?' என்று சில வாசகர்கள் கேட்டு எழுதினார்கள். நான் பதில் போடவில்லை.

பதில் இதுதான். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சிதம்பரத்திலிருந்து பைக்கில் கடலூருக்குக் கிளம்பினான். ஆலப்பாக்கம் தாண்டவில்லை. முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர் போய்க்கொண்டிருந்தது, பின்னால் விளக்கு கிடையாது. இதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை, மன்னித்துவிடுங்கள்.

அதற்கப்புறமும் அண்ணன் ஸ்டிக்கரை எடுக்கவில்லை. யாரும் எடுக்கச் சொல்லவுமில்லை. கார் பாட்டுக்கு வாசலில், கடலூர் வெயிலிலும் உப்புக் காற்றிலும் நின்றது. சிவப்பு வெளுத்து, செங்கல் தூளாட்டம் ஆகிவிட்டது.

இந்த வருஷம் கவிதாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு ஊர் பெண்ணாடம். முகூர்த்தம் திருவந்திபுரத்தில். கல்யாணத்துக்குப் பெரிய ஏசி வண்டி வாடகைக்குப் பிடிக்கலாம் என்றார்கள். கவிதா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். "நான் நம்ம வண்டிலதான் போவேன். தம்பி எனக்கு ஓட்டக் கத்துக் குடுத்த வண்டி."

அங்கேதான் வந்தார், அண்ணியின் அண்ணன். சேத்தியாத்தோப்பு மாமா என்று எல்லோரும் சொல்வோம். பெண்ணுக்குத் தாய்மாமன். அவர் வார்த்தைக்கு அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது.

"மச்சான், கல்யாண வண்டில போனவன் பேரு இருக்கக் கூடாது. எடுத்துருங்க" என்றார் அண்ணனிடம்.

எனக்கு வந்த கோபத்தில் அவரை நன்றாகக் கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் கோபம் இறங்கிவிட்டது. செந்திலை மடியில் உட்கார வைத்து மொட்டை அடித்துக் காது குத்தியவர் அவர். கடைசியில் ஆஸ்பத்திரியில் பையனை வாங்கிக்கொண்டு வந்தவரும் அவர்தான். "இருக்குறது இது ஒண்ணுதான் வசந்தி. இதுக்கும் ஏதாச்சும் ஆயிடக் கூடாது பாரு" என்றார் என்னிடம். பயம்... வேறென்ன? அந்தப் பயத்தோடு எப்படிச் சண்டை போடுவது?

அண்ணன் ஒரு காலை நேரத்தில் தனியாக உட்கார்ந்து, செந்தில் பெயரை மட்டும் உரித்து எடுத்தார். கவிதாவின் பெயரை விட்டுவிட்டார். எடுத்து முடித்தால்... பெயர் போகவில்லை.

வெயில் பட்ட இடமெல்லாம் வெளுத்திருந்தது. ஸ்டிக்கருக்கு அடியில் வெயில் படவில்லை. அங்கே மட்டும் பெயின்ட், கார் வாங்கின அன்றைக்கு இருந்த சிவப்பில் அப்படியே இருந்தது. செந்தில் என்று, ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாக. முன்னைவிட நன்றாகத் தெரிந்தது. துடைத்தார், சோப்புப் போட்டார், மண்ணெண்ணெய் போட்டுப் பார்த்தார். அசையவில்லை.

அண்ணன் அன்று எனக்குப் போன் செய்தார். "எடுத்துட்டேன் வசந்தி. ஆனா இருக்குறான்" என்றார். குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. ஆமாம், சந்தோஷம்தான். மாமா சொன்னதையும் கேட்டாயிற்று, பிள்ளையையும் விட்டுக்கொடுக்கவில்லை. அப்புறம் பட்டறைக்குப் போவதைத் தள்ளிப்போட ஆரம்பித்தார். இன்றைக்குக் கரண்ட் கட், மெஷின் ஓடாது. நாளைக்குப் பந்தல்காரர் வருகிறார். மறுநாள் பத்திரிகை வைக்கப் போக வேண்டும்.

நானும் மனதுக்குள் அவர் பக்கம்தான் இருந்தேன். அண்ணியும் அப்படித்தான் இருப்பார் என்று நினைத்தேன். பெற்றவள் இல்லையா?

இல்லை. அண்ணி என்னைத் தனியாகச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டார். "உங்கண்ணன்கிட்ட சொல்லும்மா. எடுக்கச் சொல்லு. காலையில வாசத் தெளிக்க கதவைத் தொறந்தா அதான் மூஞ்சிக்கு நேரா நிக்குது. ஸ்டிக்கரா இருந்தப்போ ஒண்ணும் தெரியல, பழகிப்போச்சு. இப்ப அவனே வந்து நிக்குறாப்ல இருக்குது. எம் பொண்ணு கல்யாணத்த நான் எப்படிப் பாப்பேன்?"

ஒரே பெயர். ஒருவருக்கு அது போனால் மூச்சு நின்றுவிடும். இன்னொருவருக்கு அது இருந்தால் மூச்சு முட்டுகிறது. இருவரும் ஒரே பிள்ளையைப் பெற்றவர்கள். நான் எந்தப் பக்கம் பேசுவேன்?

உறவுக்காரர் ஒருவர் வேறு யோசனை சொன்னார். எதற்குச் செலவு, அதே இடத்தில் மாப்பிள்ளை பெயரை ஒட்டிவிட்டால் மறைந்துவிடுமே? நல்ல யோசனைதான். அவருக்கு மட்டும்.

கவிதா எழுந்தாள். வாசலுக்குப் போய், காருக்குப் பின்னால் உட்கார்ந்து, நகத்தால் தன் பெயரைச் சுரண்டி உரிக்கத் தொடங்கினாள். மாமா ஓடிப் போனார். "உம் பேரு இருக்கட்டும்மா, நல்லதுதானே."

"வேணாம் மாமா. எங்க ரெண்டு பேரையும் எப்பவும் சேத்துத்தான் திட்டுவீங்க. இதையும் சேத்தே எடுத்துருங்க."

அவள் பெயரும் அதே சிவப்பில் அடியில் இருந்தது. அண்ணன் இரண்டையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சாவியை எடுத்தார். "நீயும் வா" என்றார் என்னிடம்.

அப்படித்தான் பட்டறைக்குப் போனோம்.

அன்றைக்கும் கரண்ட் இல்லை. ஆனால் தேய்க்கிற வேலை கையால்தான், கரண்ட் வேண்டாம் என்றார் ரஃபீக் பாய். வாட்டர் பேப்பர் என்று கறுப்பாக ஒரு தாள், அதைத் தண்ணீரில் ஊறப் போட்டார். டிக்கியில் தண்ணீரை ஊற்றி, செந்தில் பெயரின் மேல் கையை வைத்தார்.

"பாய், அந்தப் பக்கத்துலேர்ந்து ஆரம்பிங்களேன்" என்றார் அண்ணன்.

பாய் நிமிர்ந்து பார்த்தார். கவிதாவின் பெயரிலிருந்து தேய்க்கத் தொடங்கினார்.

பாலிஷ் என்றால் மேலே எதையோ பூசுவார்கள் என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியில்லை. இருக்கிற பெயின்டைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து எடுக்கிறார்கள். வெளுத்தது, வெளுக்காதது, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து, அப்புறம் பளபளப்பு ஏற்றுகிறார்கள். துக்க வீட்டுக்கு வருகிற நாமும் அதைத்தானே செய்கிறோம்? 'அழாதே, நல்ல காரியம் நடக்கிற வீடு' என்று சொல்லிச் சொல்லி... ஒரே மட்டமாகும் வரை விடுவதில்லை.

தண்ணீர் சிவப்பாக ஓடியது. பம்பரிலிருந்து சொட்டி, சிமெண்ட் தரையில் இறங்கி, அண்ணன் நின்ற இடத்துக்கு வந்தது. விலகி நிற்பார் என்று பார்த்தேன். அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு அங்கேயே நின்றார். அதைப் பார்த்துவிட்டு நான் வெளியே வந்து, ரோட்டோரமாக நின்று அழுதேன். பஸ்ஸுக்கு நின்ற ஒரு அம்மா 'என்னா கண்ணு?' என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். என்னவென்று சொல்வது, காருக்கு பாலிஷ் போடுகிறார்கள் என்றா?

கடைசியில் செந்தில் பெயரும் போனது. மத்தியானம் கரண்ட் வந்து, மெஷின் ஓடி, சாயங்காலம் காரைப் பார்த்தால் ஷோரூமிலிருந்து எடுத்து வந்த மாதிரி இருந்தது. "இன்னொரு வாட்டி தேய்க்காதீங்க சார், பெயின்ட் தாங்காது" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார் பாய். ஏதாவது என்றால் கேட்டுக்கொள்ள என் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டார். அண்ணனிடம் கேட்க அவருக்கும் மனசு வரவில்லை போலிருக்கிறது.

கல்யாணத்தன்று விடிந்தும் விடியாமல் எல்லோரும் கிளம்பினோம். பானெட்டில் பூ கட்டியிருந்தார்கள். கவிதா பின் சீட்டில் ஏறிவிட்டாள். மாமா நேரமாகிறது என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். நான் வரிசைத் தட்டுகளை டிக்கியில் வைத்து மூடினேன். பக்கத்தில் அண்ணி நின்றிருந்தார், பட்டுப்புடவையில். எடுக்கச் சொன்னவர் அவர்தான். இனிமேல் நிம்மதியாக இருப்பார் என்று நினைத்தேன்.

அண்ணி டிக்கி கதவில் உள்ளங்கையை வைத்தார். மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தடவினார்.

"எந்த எடத்துல இருந்துச்சு வசந்தி? இங்கதானே? இல்ல... இங்கியா?"

நானும் குனிந்து பார்த்தேன். என் முகமும் அண்ணியின் முகமும்தான் தெரிந்தன. இடத்தைக் காட்ட எனக்குத் தெரியவில்லை. அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்த முகமாகப் போய்ப் பெண்ணின் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. கவிதா பெண்ணாடம் போய்விட்டாள்.

போன வாரம் ரஃபீக் பாய் போன் செய்தார். எல்லா வாடிக்கையாளரிடமும் கேட்பாராம். "வெயில்ல வச்சு நல்லா பாத்தீங்களா மேடம்? அந்த எழுத்து லேசா எங்கியாச்சும் தெரியுதா?"

"ஒண்ணுமே தெரியல பாய்" என்றேன்.