பதினொன்று, பன்னிரண்டு

ஏழு ரத்த வங்கிகளின் கணினிகளை ஒன்றோடு ஒன்று பேச வைப்பதுதான் என் வேலை. தரமணியில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறேன். மந்தைவெளியில் வீடு. பறக்கும் ரயிலில் போய் வருகிறேன்.

அந்த ஏழு வங்கிகளிலும் ஏழு விதமான கணினிகள். ஒன்றில் விண்டோஸ், இன்னொன்றில் லினக்ஸ். வேறொன்றில் யாரோ எப்போதோ எழுதிக் கொடுத்துவிட்டுப் போன நிரல். அதைத் திறந்து பார்க்கவே எல்லோருக்கும் பயம். இதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு ஒரே மாதிரி வாங்குங்கள் என்று சொல்ல எங்களால் முடியாது. அதனால் எல்லோரையும் உட்கார வைத்து ஒரு ஸ்டாண்டர்ட் எழுதினோம். உள்ளே உங்கள் கணினி எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், வெளியே அனுப்பும் செய்தி மட்டும் இந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். ரத்த வகையை இப்படி எழுத வேண்டும், பையின் எண்ணை இப்படி எழுத வேண்டும், காலாவதித் தேதியில் முதலில் வருடம், பிறகு மாதம், பிறகு நாள். நாற்பது பக்கம். ஒவ்வொரு பக்கத்துக்கும் சண்டை நடந்தது. நானும் சண்டை போட்டேன்.

அது ஓடத் தொடங்கிய பிறகு, ஒரு வங்கியில் என்ன ரத்தம் இருக்கிறது என்பது மற்ற ஆறு வங்கிகளின் திரையிலும் தெரிந்தது. அதற்கு முன்பு ஒவ்வொரு இடத்துக்கும் போன் செய்து கேட்பார்கள். அந்தப் பழக்கம் மெல்ல நின்றுபோனது. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

நவம்பரில் மயிலாப்பூர் வங்கியின் பழைய கணினியை மாற்றினார்கள். புதியதை அமைத்துக் கொடுத்தது ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு சிறு கம்பெனி. அங்கிருந்து ஒரு இன்ஜினியர் எனக்குப் போன் செய்தார்.

“மேடம், எங்க சாஃப்ட்வேர்ல தேதி நாள், மாசம், வருஷம்னுதான் போகும். மாத்தணும்னா மூணு வாரம் ஆகும். இவங்க திங்கக்கிழமையே ஆரம்பிக்கணும்னு நிக்கிறாங்க. உங்க பக்கம் ஏதாவது பண்ண முடியுமா?”

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்காகத்தானே அந்த நாற்பது பக்கம். ஆனால் அவர் குரல் களைத்திருந்தது, எனக்கும் வாக்குவாதம் அலுத்திருந்தது. “பார்க்கிறேன்” என்றேன்.

தேதி எந்த வடிவத்தில் வந்தாலும் ஊகித்துப் படித்துக்கொள்ளும் தயார் நிரல்கள் கிடைக்கும். அப்படி ஒன்றை எடுத்து எங்கள் பக்கத்தில் செருகினேன். பதினெட்டாம் தேதி, இருபத்தைந்தாம் தேதி, முப்பதாம் தேதி என்று மூன்றைக் கொடுத்துப் பார்த்தேன். மூன்றும் சரியாக வந்தன. ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை மயிலாப்பூரில் புதிய கணினி ஓடத் தொடங்கியது. அந்த வாரமே வியாழக்கிழமை காலை, புதிய இணைப்பு ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க தி.நகர் வங்கிக்குப் போயிருந்தேன். வெளியே மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. ஒரு மூலையில் லேப்டாப்பை வைத்து உட்கார்ந்திருந்தபோது கவுன்ட்டரில் சத்தம் கேட்டது.

ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மா. பட்டினப்பாக்கத்தில் மீன் விற்பவர் என்று பிறகு தெரிந்தது. புடவை பாதி நனைந்திருந்தது. கையில் மருத்துவமனைச் சீட்டும், ரத்த சாம்பிள் இருந்த மூடிபோட்ட சின்னக் குழாயும். அவருடைய மகள் அடையாறில் ஒரு மருத்துவமனையில் பிரசவத்துக்குச் சேர்ந்திருக்கிறாள். அடுத்த வாரம் என்று நாள் குறித்திருந்த சிசேரியன், விடியற்காலையில் வலி வந்துவிட்டதால் அன்றைக்கே என்றாகிவிட்டது. மகளுக்கு பாம்பே குரூப் ரத்தம். மிக அபூர்வமான வகை. அதே வகையைத் தவிர வேறெதையும் ஏற்ற முடியாது. ஒரு பை கையில் இருந்தால்தான் ஆபரேஷனைத் தொடங்குவேன் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்த மருத்துவமனையின் சீட்டுகளெல்லாம் தி.நகர் வங்கிக்குத்தான் வரும்.

கவுன்ட்டரில் இருந்த டெக்னீஷியன் திரையை இரண்டு முறை பார்த்துவிட்டு, “எங்கேயும் இல்லம்மா” என்றாள்.

“இல்லன்னா இன்னா அர்த்தம்? போன வாரம் டாக்டரே பாத்துட்டுச் சொன்னாரு, மயிலாப்பூர்ல ஒண்ணு கீதுன்னு.”

“போன வாரம் இருந்திருக்கும்மா. இப்போ எக்ஸ்பயரி ஆயிருக்கும். திரையில வரலையே.”

“நாலு நாள்ல எப்டிம்மா கெட்டுப்பூடும்? மீனா அது? நல்லா பாரும்மா. என் பொண்ணு அங்க வலியில துடிச்சிக்கினு கீது.”

நாலு நாள் என்ற சொல் எனக்குள் எங்கோ இடித்தது. கணினியை மாற்றியது திங்கட்கிழமை. எழுந்து போய், “ஒரு நிமிஷம் இருங்கம்மா” என்று சொல்லிவிட்டு மயிலாப்பூர் வங்கிக்குப் போன் செய்தேன். அங்கே மூத்த டெக்னீஷியனாக ஒரு பெண்மணி இருக்கிறார். நாற்பது பக்கத்திலும் என்னோடு அதிகமாகச் சண்டை போட்டவர் அவர்தான்.

“பாம்பே குரூப் ஒரு பை உங்களிடம் இருந்ததே, அது காலாவதி ஆகிவிட்டதா?”

“யார் சொன்னா? ஃப்ரிட்ஜுல பத்திரமா இருக்கே. கார்த்தால நான்தானே எண்ணி வெச்சேன். டிசம்பர் பதினொண்ணு வரைக்கும் டைம் இருக்கு.”

“அதை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். அடையாறில் ஒரு பிரசவ கேஸ். இப்போதே வருகிறோம்.”

“சாம்பிள எடுத்துண்டு வாங்கோ. பொருந்தறதான்னு பாக்கணும். நான் எல்லாத்தையும் ரெடி பண்ணிண்டு இருக்கேன்.”

போனை வைத்துவிட்டு, மயிலாப்பூரிலிருந்து வந்திருந்த செய்தியைத் திறந்து பார்த்தேன். பதினொன்று, பன்னிரண்டு, பிறகு வருடம். நாள் பதினொன்று, மாதம் பன்னிரண்டு என்று அவர்கள் அனுப்பியிருக்கிறார்கள். நான் செருகிய நிரல் மாதத்தை முதலில் எழுதும் ஊரில் எழுதப்பட்டது. மாதம் பதினொன்று, நாள் பன்னிரண்டு என்று ஊகித்துவிட்டது. நவம்பர் பன்னிரண்டு போய் இரண்டு வாரம் ஆகிவிட்டதே! காலாவதியானது என்று பட்டியலிலிருந்து தூக்கிவிட்டது. நான் சோதித்த மூன்று தேதிகளும் பன்னிரண்டுக்கு மேல். பதினெட்டாவது மாதம் என்று ஒன்று கிடையாது என்பதால் அவற்றைச் சரியாகப் படித்தது. பன்னிரண்டுக்குள் ஒரு தேதியைக் கொடுத்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

லேப்டாப்பை மூடிப் பையில் போட்டேன். செய்த தவறைப் பற்றி யோசிக்க அப்போது நேரமில்லை.

“கீதும்மா” என்றேன். அந்த அம்மாவின் பேச்சு என் வாயில் எப்படி வந்தது என்று தெரியவில்லை. “மயிலாப்பூர்லதான் இருக்கு. வாங்க, நானும் வரேன்.”

ஆட்டோவில் அவர் சாம்பிள் குழாயை முந்தானையில் சுற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். ஆழ்வார்பேட்டையில் தண்ணீர் தேங்கி வண்டிகள் நின்றன. “நைனா, சந்துல பூந்து போப்பா” என்று டிரைவரிடம் சொன்னார். டிரைவரும் மறுபேச்சு பேசாமல் ஒரு சந்தில் திருப்பினார். இந்த அலைச்சலுக்கு நான்தான் காரணம் என்று சொல்ல இரண்டு முறை வாயெடுத்து, இரண்டு முறையும் விழுங்கினேன்.

மயிலாப்பூரில் அந்தப் பெண்மணி கையுறையோடு வாசலிலேயே நின்றிருந்தார். குழாயை வாங்கிக்கொண்டு உள்ளே போனவர் வெளியே வர முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. “பொருந்தறது” என்று ஒரே வார்த்தை சொன்னார். ஐஸ் பெட்டியில் பையை வைத்துக் கொடுத்ததும் அந்த அம்மா அதே ஆட்டோவில் அடையாறுக்குப் புறப்பட்டார்.

நான் அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து மற்ற ஆறு வங்கிகளுக்கும் போன் செய்தேன். மயிலாப்பூர் இருப்பைத் திரையில் பார்த்து நம்ப வேண்டாம், போனில் கேளுங்கள் என்று சொன்னேன். ஒரு பயம் உள்ளே குடைந்துகொண்டே இருந்தது. நல்ல பை மறைந்துபோகலாம் என்றால், காலாவதியான பை நல்லதாகத் தெரிந்திருக்கவும் கூடும். திங்கட்கிழமையிலிருந்து மயிலாப்பூரிலிருந்து வெளியே போன பைகளின் பதிவேட்டை அந்தப் பெண்மணி எடுத்துப் போட்டார். இருவரும் வரிசை வரிசையாகப் பார்த்தோம். எல்லாமே சரியான தேதிக்குள். ஒவ்வொரு பையையும் வெளியே அனுப்புவதற்கு முன் லேபிளைக் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

“மெஷின் சொல்றதுன்னு நான் எதையும் குடுக்க மாட்டேன். உங்களுக்குத் தெரியாதா?” என்றார். தெரியும். முன்பு அதற்காகவே அவரிடம் எரிச்சல்பட்டிருக்கிறேன்.

அவரிடம்தான் முதலில் சொன்னேன். தேதி விஷயம், அந்தப் போன், நான் சொன்ன ‘பார்க்கிறேன்’ எல்லாவற்றையும். அவர் திட்டவில்லை. ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றி என் பக்கம் நகர்த்தினார்.

மதியம் மூன்று மணி இருக்கும். தெரியாத எண்ணிலிருந்து போன். ஆட்டோவில் அந்த அம்மாவுக்கு என் எண்ணைக் கொடுத்திருந்ததே மறந்துவிட்டது.

“மேடம், பொண்ணு பொறந்துகீது. ரெண்டு பேரும் நல்லா கீறாங்க.”

“ரத்தம் ஏத்தினாங்களாம்மா?”

“பாதி ஏத்திக்கினு கீறாங்க. நெறைய போச்சாம். அது மட்டும் இல்லன்னா…” என்று நிறுத்தினார். பிறகு, “நீ சாப்ட்டியாம்மா?” என்றார்.

போனை வைத்துவிட்டு நான் அழுதேன். மயிலாப்பூர்ப் பெண்மணி அதைப் பார்க்காதது மாதிரி பதிவேட்டை மூடி அலமாரியில் வைத்தார். அதன் பிறகு லஸ் பக்கம் ஒரு ஹோட்டலில் தனியாக உட்கார்ந்து இரண்டு தோசை சாப்பிட்டேன். அவ்வளவு பசித்தது.

அன்று மாலையே நான் செருகிய நிரலை நீக்கினேன். இப்போது தேதி ஒப்புக்கொண்ட வடிவத்தில் இல்லையென்றால் எங்கள் பக்கம் செய்தியை ஏற்காது. அனுப்பியவர் திரையில் சிவப்பாக எச்சரிக்கை வரும். ஈக்காட்டுத்தாங்கல் இன்ஜினியருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். மூன்று வாரம் ஆகும் என்றவர் திங்கட்கிழமை காலையில் மாற்றிக் கொடுத்துவிட்டார்.

அந்த வாரக் கடைசியில் தி.நகரில் ஏழு வங்கிக்காரர்களும் கூடும் மாதக் கூட்டம். அதில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். வேலையே போகும் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். என் நிறுவனத்தின் மேலாளரும் பக்கத்தில் இருந்தார். ஓரிருவர் கோபப்பட்டார்கள், கோபப்பட வேண்டியதுதான். இனி யாருக்காகவும் எந்த விலக்கும் கிடையாது, விலக்கு வேண்டுமென்றால் ஏழு பேரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்று நாற்பத்தோராவது பக்கமாக ஒரு பக்கம் சேர்த்தார்கள். மயிலாப்பூர்ப் பெண்மணி, “நீங்களே சொன்னேளே, அது போறும்” என்றார். என் மேலாளரும் அதற்குத் தலையசைத்தார்.

பிறகு கூட்டத் தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “அடுத்து, லேபிள் பசை ஃப்ரிட்ஜில் உரிந்து வருவது பற்றி” என்று படித்தார். எல்லோரும் பசையைப் பற்றிக் காரசாரமாகப் பேச ஆரம்பித்தார்கள். நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். அந்த வியாழக்கிழமையிலிருந்து தூக்கிப் பிடித்திருந்த தோள்கள் அப்போதுதான் இறங்கின.