உண்மையா என்று கேட்க வைத்த வெள்ளைப் புள்ளி

போன வருடம் வைகாசியில் யாழ்ப்பாணத்து மருத்துவமனை ஒன்றில் நடந்தது இது. என் கணவர் தொண்டைமானாறு என்ற கரையோர ஊரில் கடற்றொழில் செய்பவர். அந்த மாதத் தொடக்கத்தில் படகில் வைத்தே அவருக்கு வலிப்பு வந்துவிட்டது. கூடப் போனவர்கள் பிடித்திராவிட்டால் கடலுக்குள் விழுந்திருப்பார். காரணம் தெரியும்வரை கடலுக்குப் போகக் கூடாது என்றார்கள். தலைக்குள் கட்டி ஏதும் இருக்குமோ என்று எனக்குப் பயம்.

மூளையை எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். அங்கேதான் சிக்கல். சின்ன வயதில், போர்க்காலத்தில், பங்கர் என்ற பதுங்குகுழிக்குள் இருந்தபோது மண் சரிந்து மூடியதிலிருந்து, ஒடுக்கமான இடம் என்றாலே அவருக்கு மூச்சு முட்டும். முதல் நாள் அந்த ஸ்கான் இயந்திரத்தின் குழாய்க்குள் தலை போனதுமே கத்திக்கொண்டு எழும்பிவிட்டார்.

அடுத்த கிழமை போனபோது ஸ்கான் பிரிவின் டொக்டர், ஓர் இளம்பெண், வேறு வழி சொன்னார். குழாய்க்குள் கன நேரம் இருக்கத் தேவையில்லாதபடி படத்தை அவசரமாக எடுத்துவிடுவார்களாம். அது மங்கலாகத்தான் வரும். ஏராளமான மூளைப் படங்களைப் பார்த்துப் பழகிய ‘நரம்பு வலையமைப்பு’ என்ற கணினி நிரல் அதைத் தெளிவாக்கித் தருமாம். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு என் கணவரும் ஒருவாறு படுத்து முடித்தார்.

நான் கணிதம் படிப்பிக்கிறவள். கேட்காமல் இருக்க முடியவில்லை. “டொக்டர், பழகின பழக்கத்திலை அது இல்லாத ஒண்டையும் படத்திலை கீறிப்போடாதோ?”

அவர் சிரித்தார். “ஓம், அதுவும் நடக்கலாம். வந்து பாருங்கோ அக்கா.”

திரையில் இரண்டு படங்கள். ஒன்று கலங்கிய தண்ணீருக்கூடாகப் பார்ப்பது போல. மற்றதில் ஒவ்வொரு மடிப்பும் துலக்கம். அதன் ஓரத்தில் சின்னதாய் ஒரு வெள்ளைப் புள்ளி! கலங்கிய படத்தில் அதே இடத்தில் ஏதோ இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது.

“உது உண்மையோ?” என்றேன்.

“அதுதான் எனக்கும் தெரியவேணும். படம் வடிவா இருக்கெண்டு நான் நம்பேலாது. அந்த இடத்தை மட்டும் ஆறுதலா, நேரமெடுத்து, இன்னொருக்கால் எடுக்கவேணும்.”

மறுபடியும் குழாயா? வியர்த்துப்போய் இருந்த கணவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் படத்தைத் தனக்கும் காட்டச் சொன்னார். திரைக்கு முன்னால் நின்று உற்றுப் பார்த்தார். “இதுவோ என்ரை தலை?” என்றார், சின்னப் பிள்ளை போல. பிறகு என் பக்கம் திரும்பினார். “நீரும் உள்ளுக்கை வாரும். காலைப் பிடிச்சுக்கொண்டு நில்லும்.”

உலோகம் எதுவும் உள்ளே கூடாதென்று தாலிக்கொடி, காப்பு எல்லாம் கழற்றிவிட்டுப் போய் நின்றேன். தகரத்தில் அடிப்பது போல இயந்திரம் இரைந்தது. என் கைக்குள் அவருடைய பாதம் நடுங்கியது. பிறகு மெல்ல மெல்ல அடங்கியது.

அன்று பின்னேரம் டொக்டர் எங்களைக் கூப்பிட்டார். “புள்ளி உண்மைதான். ஆனா கட்டி இல்லை, பழைய தழும்பு. வலிப்பைக் குளிசை மருந்திலை அடக்கலாம்.” நான் அழுதுவிட்டேன். அவரோ, “அப்ப எப்ப கடலுக்குப் போகலாம்?” என்று கேட்டார்!

கடலுக்குப் போக டொக்டர்மார் இன்னும் விடவில்லை, கரையிலிருந்து படகு இயந்திரம் திருத்துகிறார். வலிப்பு மறுபடி வரவில்லை. அந்த நிரல் எப்படித்தான் படத்தைத் துலக்கியது என்று நான் இன்றும் தேடித் தேடி வாசிக்கிறேன், ஆனால் வகுப்பில் ஒரு பிள்ளை சரியான விடையோடு வந்து நிற்கும்போதும் “எப்படித் தெரியும்?” என்று என்னைக் கேட்க வைப்பது, பளிச்சென்று தெரிந்ததையும் இன்னொரு தடவை பார்க்க நினைத்த அந்த டொக்டரின் நினைவுதான்.