எஃப்.சி. வாங்கப் போன கிளைடர்

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடு பிடித்திருந்த காலத்தில், என்ஜின் இல்லாத விமானம் ஒன்றுக்கு நான் பாதி உரிமையாளன். மீதிப் பாதி, கள்ளக்குறிச்சியில் இரும்புக் கடை வைத்திருந்த பாய். மூடப்போகிற பறக்கும் கிளப் ஒன்றிலிருந்து அந்தக் கிளைடரை வாங்கியிருந்தோம். பாய்க்கு அதை ஓட்டத் தெரியும். எனக்கு அதைப் பற்றிப் பேசத் தெரியும்.

கரியாலூர் அருவிக்கு மேலே மனைவியைப் பின்சீட்டில் உட்காரவைத்துப் பறப்பதாகப் பாய் வாக்குக் கொடுத்திருந்தார். அதற்குப் பறக்கும் தகுதிச் சான்றிதழ் வேண்டும். அதில் இரண்டு வகை. முழுச் சான்றிதழ் என்றால் ஆள் ஏற்றலாம். கட்டுப்பாட்டு அனுமதி என்றால் ஓட்டுகிறவர் மட்டும், அதுவும் சொன்ன எல்லைக்குள். பாய் இரண்டையுமே லாரிக்காரர் பாஷையில் ‘எஃப்.சி.’ என்றுதான் சொல்வார்.

சோதிக்கும் அதிகாரி சின்னசேலத்தில் ரயிலிறங்கும் நாளில், இறக்கைகளைக் கழற்றி, கிளைடரை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். ஊருக்குச் சற்று முன்னால் ஒரு புளியமரம் சாலையில் படுத்திருந்தது. தனி ஒதுக்கீடு கேட்டு மறியல்.

“இன்னா பாய், எங்க போறீங்க?” என்றார் தலையில் துண்டு கட்டிய ஒருவர்.

“எஃப்.சி. வாங்கங்க. இன்னைக்கு எஃப்.சி. ஆவாம வூட்டுக்குப் போவ மாட்டேன்.”

அன்று அந்தச் சாலையில் எஃப்.சி. என்றால் முற்பட்ட வகுப்பு. துண்டுக்காரர் டிராக்டருக்குக் குறுக்கே வந்து நின்றார்.

“நாங்க பேக்வர்டுன்னு ரோட்ல குந்திக்கினு இருக்கோம். நீங்க மட்டும் ஃபார்வர்டு ஆவணுமா?”

படித்தவன் என்பதால் நான் விளக்கினேன்: “எங்களுக்கு இல்லீங்க. இந்தப் பிளேனுக்கு.”

“சொந்தமா பிளேன் வச்சிருக்கிறவன் எஃப்.சி. இல்லாம வேற யாருய்யா?”

நல்லவேளை, அதிகாரி ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தார். வண்டியே ஓடாத இவ்வளவு அகலமான இடம் வேறெங்கே கிடைக்கும் என்று, சாலையிலேயே இறக்கைகளை மாட்டச் சொன்னார். மறியல்காரர்களே ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பிடித்தார்கள். அதிகாரி தட்டிப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார், பின்சீட்டு பெல்ட்டை இழுத்துப் பார்த்தார். அது கையோடு வந்தது.

“முழுசு தர முடியாது. மலைப்பக்கம் மட்டும், தனியாப் பறக்கலாம்.”

துண்டுக்காரர் பாயின் தோளில் கை போட்டார். “கேட்டது முழுசு, குடுக்கறது கம்மி. நம்ம கேஸுதான் பாய். ஆனா ஒங்களுக்குத் ‘தனி’ கெடச்சிடுச்சு பாருங்க!”

மனைவியிடம் எப்படிச் சொல்வதென்று பாய் திரும்பும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்தார். கடைசியில் வாசலிலேயே கொட்டிவிட்டார்: “ஒன்ன ஏத்தக் கூடாதுன்னுட்டாங்க.”

“அந்த ஆபீசர் ஊர்லதான் இருக்காரா? கூப்பிடுங்க, ஒரு வேளை சாப்பிட்டுப் போவட்டும்” என்றார் அந்த அம்மாள். கிளைடர் வந்த நாளிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.