அண்ணை மேல்மாடியிலிருந்து இறங்கிய நாள்

மொன்றியலில் யூலை முதலாம் திகதி பாதி நகரம் வீடு மாறும். வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் அதற்கு முந்தின நாளோடு முடிவதால், ஒருவர் இறங்கும் படியில் இன்னொருவர் கட்டிலோடு ஏறுவார். நடைபாதையெங்கும் மெத்தைகள் சாய்ந்து நிற்கும். வான் நிறுத்த இடம் பிடிப்பதற்காக விடிந்ததுமே சாப்பாட்டுக் கதிரைகளைத் தெருவில் போட்டு வைப்பார்கள். எங்கள் சங்கத்தின் சேவையும் அந்த நாளில்தான். தூக்க ஆளில்லாதவர்களுக்கு வீடு மாற்றிக் கொடுப்போம்.

சங்கம் என்று நான் சொல்வது, மொன்றியல் தீவின் மேற்கு முனையிலுள்ள பல்கலைக்கழக வளாகத்தில் இயங்கும், அந்நாளில் ஆண்களுக்கு மட்டுமான, மாணவர் சகோதரத்துவம் ஒன்றின் கிளையை. சட்டையில் அதன் பெயராக மூன்று கிரேக்க எழுத்துகள் இருக்கும். நான் சேர்ந்தபோது அம்மா அதை எங்கள் மாதா கோயிலிலுள்ள பங்குச் சபைகளைப் போல ஒன்று என்று விளங்கிக்கொண்டார். வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குப் போகச் சொல்லித் தவறாமல் நினைவூட்டுவார். அந்தக் கூட்டங்களில் செபம் எதுவும் நடந்ததில்லை.

அப்போது முழுக் கிளையும் ஒரே வானுக்குள் அடங்கும். பிறகு அதுவும் குறைந்தது. பெண்களைச் சேர்ப்பதா என்று பழைய உறுப்பினர்களாகிய நாங்கள் ஒரு குளிர்காலம் முழுவதும் சண்டை பிடித்தோம். சேர்த்திராவிட்டால் கிளை மூடப்பட்டிருக்கும். இன்று அங்கே ஹெயிட்டிப் பிள்ளைகள், கியூபெக் பண்ணை வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள், எங்கள் பிள்ளைகள் எல்லோரும் இருக்கிறார்கள். தலைவி கர்க்லாண்டில் வளர்ந்த தமிழ்ப் பெண். படித்து வெளியேறிய எங்களுக்கு அந்த நாளில் வான் கொண்டுவருவதும், இடம் பிடிப்பதும், சாப்பாடு கொடுப்பதும்தான் வேலை. எதையும் தூக்கக்கூடாது. எங்களில் சிலர் இடுப்புப் பிடித்துப் படுத்த பிறகு மாணவர்கள் போட்ட விதி அது.

கடந்த யூலையில் மாற்ற வேண்டியிருந்தது அண்ணையின் வீடு. கிளையில் எனக்கு மூத்தவர். ஒரு காலத்தில் தோளில் பட்டி போட்டு, பிரிட்ஜை முதுகில் சுமந்து தனியாக இறக்கியவர். குளிர்காலத்தில் அவருக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. செயின்ட்-மிஷேலில் அவர் இருந்தது மேல்மாடி. வெளியே, வளைந்து இறங்கும் ஒடுக்கமான இரும்புப் படி. ஆஸ்பத்திரியிலிருந்து அவரை நாற்காலியில் கட்டித்தான் அந்தப் படியால் ஏற்றினார்கள். அதன்பின் அவர் கீழே இறங்கவேயில்லை. எங்களில் ஒருவருக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு கட்டடம் உண்டு. அதில் கீழ்வீடு காலியானபோது அவர் வெளியில் விளம்பரம் போடாமல் அண்ணிக்குச் சொன்னார்.

ஒரு வாரத்துக்கு முன் அண்ணை எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"வீட்டைத் தூக்குங்கோ. என்னைத் தூக்கக்கூடாது."

"அப்ப எப்பிடி அண்ணை இறங்குவியள்?"

"அதை நான் பாப்பன். ஏத்தேக்க தெரு முழுக்க வாய் பாத்தது. ஒருக்காக் காணும்."

இதைத் தலைவியிடம் சொன்னேன். "ஓம் அங்கிள்" என்றாள்.

மத்தியானத்துக்கு முன்பே வீடு காலியாகிவிட்டது. அவர்கள் வேலை செய்வது பார்க்க அழகு. படியில் ஆளுக்கு ஆள் நின்று பெட்டிகளைக் கைமாற்றுவார்கள். ஒருவரும் ஏறி இறங்குவதில்லை. கடைசியில் அண்ணை அமர்ந்திருந்த கைப்பிடிக் கதிரை மட்டும் மிச்சம். "அங்கிள், ஒரு நிமிசம்" என்று சொல்லி அதையும் வாங்கிக்கொண்டு போனார்கள். அவர் யன்னலோரத்து வெப்பக் கணப்பின்மேல் உட்கார்ந்துகொண்டார். கோடையில் அது குளிர்ந்துபோய் இருக்கும்.

அந்த யன்னலால் தெரு தெரியும் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. கீழே நடைபாதையில் கதிரைக்குப் பிரிட்ஜ் பட்டிகளைக் கட்டி, தங்களுக்குள் பாரமான பையன் ஒருவனை இருத்தி, நாலு பேராகத் தூக்கிப் பார்த்தார்கள். பாரமான எதையும் ஒத்திகை பார்க்காமல் படியில் கொண்டுபோவதில்லை என்பது கிளையின் பழக்கம். பையன் கையசைத்தான். எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் சிரித்தது அவனைப் பார்த்து.

மேலே கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. பிறகு பூட்டும் சத்தம்.

அண்ணி வான் அருகில் நின்றவர் மேலே பார்த்தார். "பாத்திட்டார்" என்றார்.

"சும்மா சேஃப்டிக்குத்தான் அங்கிள்" என்று தலைவி என்னிடம் சொன்னாள். பட்டிகளை அவளே அவிழ்த்துவிட்டுப் படியேறினாள். நானும் பின்னால் போனேன்.

"அங்கிள், சொறி. கதவைத் திறவுங்கோ."

"ஏன், பட்டி காணாதோ?"

"அவிழ்த்திட்டன்."

"நான் என்ன பிரிட்ஜோ பிள்ளை?"

"இல்லை அங்கிள். பிரிட்ஜ் எண்டா கதவாவது திறக்கும்."

உள்ளே ஒரு செருமல். அது சிரிப்பாக மாறியதும் கேட்டது. அவர் காலை இழுத்து நடந்து வருவதற்கு நேரம் எடுத்தது. கதவு திறந்தது.

"எனக்கு இறங்கத் தெரியும்" என்றார், என்னைப் பார்க்காமல். "இருந்து இருந்து இறங்கலாம். ஒவ்வொரு படியா. சின்னப்பிள்ளையள் இறங்குமே, அப்பிடி. அதைத்தான் உவங்கள் பாக்கக்கூடாது."

"ஆரும் பாக்கமாட்டினம்" என்றாள் தலைவி.

தளபாடங்களுக்குச் சுற்றும் தடித்த போர்வைகள் வானில் இருந்தன. அவற்றைக் கொண்டுவந்து படியின் கைப்பிடிக் கம்பிகளில் மேலிருந்து கீழ்வரை கட்டினார்கள். எல்லாவற்றையும் மறைக்கப் போர்வை போதவில்லை; வளைவில் ஓரிடம் திறந்தே இருந்தது. ஆகவே மாணவர்கள் எல்லோரும் நடைபாதையில் தெருவைப் பார்த்தபடி, படிக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். நானும் இறங்கிவந்து அவர்களோடு திரும்பி நின்றேன். செய்தித்தாளில் வேலை செய்து, பார்ப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த எனக்கு இது பழக்கமில்லாத நிலை. அண்ணி என் அருகில் கைப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

மேலே தலைவி மட்டும். அவரே கொடுத்த சலுகை அது. "நீ எனக்கு முன்னால இரு. திரும்பக்கூடாது. நான் வழுக்கினா உன்ர முதுகிலதான் விழுவன், சரியோ?"

"சரி அங்கிள். மெதுவா விழுங்கோ."

எனக்குக் கேட்டவை: இரும்பு அதிரும் சத்தம். சப்பாத்து உரசுவது. நீண்ட மூச்சு. இடையில் ஒரு கெட்ட வார்த்தை, உடனே "சொறி பிள்ளை." மறுபடி இரும்பு. வளைவில் நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. அண்ணி உதடு அசையாமல் "வாறாரோ?" என்று கேட்டார். "கேக்குது, வாறார்" என்றேன். உண்மையில் அந்நேரம் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அப்போதுதான் பக்கத்துக் கட்டடத்தைக் கவனித்தேன். எங்களுக்கு முன்பின் தெரியாத மூன்று பேர் அங்கே அடுப்பு ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு யார் என்ன சொன்னார்களோ, ஒருவரும் சொல்லவில்லையோ. அடுப்பை நடைபாதையில் வைத்துவிட்டு, மூவரும் தொப்பி போட்ட தலைகளோடு தங்கள் சுவரைப் பார்த்து நின்றார்கள். எதிர்வீட்டு பால்கனியில் கோப்பியோடு இருந்த பெண்ணும் கதிரையைத் திருப்பிப் போட்டிருந்தார்.

மறுபடி இரும்பு அதிர்ந்தது. இந்தமுறை கிட்ட.

"சரி" என்றது அண்ணையின் குரல், எங்கள் இடுப்பு உயரத்திலிருந்து. "இனித் திரும்புங்கோ."

கடைசிப் படியில் அமர்ந்திருந்தார். காற்சட்டையின் பின்புறமும் உள்ளங்கையும் படியின் துரு ஒட்டிச் சிவந்திருந்தன. சட்டை முழுவதும் வியர்வை. அண்ணி போய்க் குனிந்து அவர் முழங்காலைத் தட்டிவிட்டார். அங்கே தூசி இருக்கவில்லை.

அண்ணை, கதிரையில் கையசைத்த பையனைத் தேடிப் பிடித்தார். அவன் நிலத்தைப் பார்த்தான்.

"இங்க வாடா." இடக்கையை நீட்டினார். "இனித் தூக்கு."