மனதையும் கேட்டு வாங்கிய ஜெசி அக்கா

ஜெசி அக்கா போய்விட்டார்...

காலையில் அவருடைய கணவர் ரவி அண்ணன்தான் ஃபோனில் கோல் எடுத்துச் சொன்னார். விடியும்போது நெஞ்சு அடைத்ததாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டதாம்.

இன்னாலில்லாஹி என்று சொல்லிவிட்டு, ஃபோனைக் கையில் வைத்தபடியே குசினியில் அடுப்புப் பக்கம் நின்றேன்.

கல்முனை பஜாரில் எங்கள் ஃபார்மசிக்கு வந்து போகிறவர்களுக்கு அவரைத் தெரியும். கண்ணாடியை நெற்றிக்கு மேலே தூக்கிவிட்டு, மருந்தை எப்படிக் குடிப்பதென்று சொல்லி, நம்மையும் ஒருமுறை திருப்பிச் சொல்ல வைக்கிற அக்கா.

அவர் கிறிஸ்தவர், நான் சாய்ந்தமருது முஸ்லிம். ஒரே கவுண்டர், ஒரே விசிறி, ஒரே சாப்பாட்டு நேரம்... நோன்பு மாதம் தவிர. அந்த மாதம் என் முன்னால் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். நான் ஏசினாலும் ஸ்டோர் ரூமுக்குள் போய்த்தான் குடிப்பார்.

இன்று ஒரு விஷயத்தை எழுத வேண்டும் போல் இருக்கிறது. அவரே தன் சபையில் எழும்பிச் சாட்சியாகச் சொன்னதுதான், அதனால் எழுதலாம்.

சில வருடங்களுக்கு முன்பு ரவி அண்ணன் கட்டாரில் இருந்த நேரம், தம்பிலுவிலில் தனியாக இருந்த அண்ணனின் அம்மா விழுந்து இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. மகள் கனடாவில். பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த மாமி, சைவக் குடும்பத்துக்கு வேதக்காரப் பெண் வேண்டாமென்று மகனின் கல்யாணத்துக்கே வராதவர். பிள்ளை பிறந்தபோதும் வந்து பார்க்கவில்லை. ஜெசி அக்காவுக்கு அது ஆறவே இல்லை.

ஒருநாள் மருந்துப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே சொன்னார். "ஜெபத்தில இருந்தா மாமிதான் வாறா. கர்த்தர் போ எண்டு சொல்றார் பர்சானா. எனக்குத்தான் ஏலாமக் கிடக்கு."

ஏலாமலேதான் போனார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறி, சமைத்து, உடுப்புக் கழுவி, மாமியைக் குளிப்பாட்டிவிட்டு வருவார். திங்கட்கிழமை முகம் ஊதிப்போய் இருக்கும்.

பிறகு ஒரு ஞாயிறு, குளிப்பாட்டிக்கொண்டிருக்கும்போது மாமி சொல்லியிருக்கிறார். "நீ மனமில்லாமத்தான் வாறாய். என்னைத் தொடக்குள்ள உன்ட கை சொல்லுது. இனி வரத் தேவல்ல."

இதை என்னிடம் சொன்னபோது, நல்லா ஏசிவிட்டு வந்தீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். மாமி சொன்னது சரிதான் என்றார். மனதைக் கேட்டவர் மாமி மட்டும் இல்லை, ஆண்டவரும்தான் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார் என்றார்.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது, நோன்புக்கு முன்னால் நாங்கள் நிய்யத்து வைப்பதைப் பற்றி விசாரித்தார். செய்யப்போவதை மனதால் நினைத்து எண்ணம் வைக்க வேண்டும், அது இல்லாமல் செய்தால் வெறும் பட்டினிதான் என்று எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன்.

"அந்த எண்ணம் வைக்கவே மனசு வராட்டி?"

சோற்றைப் பிசைந்துகொண்டே அவராகவே சொன்னார். "அப்ப அதையும் அவரிட்டத்தான் கேக்கவேணும்."

அதற்குப் பிறகு அதுதான் அவருடைய ஜெபம். கடை ஷட்டரைத் தூக்க முன்பு கண்ணை மூடி நிற்பார். பெலன் தாரும், பொறுமை தாரும் என்றெல்லாம் இல்லை... எனக்கு விருப்பம் இல்லை, அந்த விருப்பத்தையே தாரும் என்று.

அடுத்த ஞாயிறும் போனார். இன்னும் மனம் வரவில்லை மாமி, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று உள்ளதைச் சொல்லியிருக்கிறார். மாமி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாராம். போ என்று சொல்லவில்லையாம்.

கொழும்பிலிருந்து வரவேண்டிய பார்சலைக் கேட்பது போல, வந்துவிட்டதா என்று காலையில் கேட்பேன். "இன்னும் இல்லகா பர்சானா" என்பார். இரண்டு பேரும் சிரிப்போம்.

அப்புறம் ஒரு புதன்கிழமை. ஒரு பையில் கீரி மீனோடு கடைக்குள் வந்தார். கடையெல்லாம் மீன் வாடை. இது ஃபார்மசியா சந்தையா என்று நான் சத்தம் போட்டேன்.

மாமிக்குக் கீரி மீன் என்றால் விருப்பம் என்று சொல்லத் தொடங்கியவர், பாதியில் நிறுத்திவிட்டார்.

அன்று ஞாயிறு இல்லை. யாரும் வாங்கச் சொல்லவும் இல்லை. சந்தையில் மீன் பளபளவென்று கிடந்தது, கை தானாகப் போயிருக்கிறது.

ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்தார், சிரித்தபடியே கண்ணைத் துடைத்தார். "பர்சானா, எனக்குப் போக ஆசையாக் கிடக்குகா..."

முதலாளியிடம் அரை நாள் லீவு கேட்டு, அந்த மீனோடு பஸ் ஏறினார்.

அடுத்த மாதம் மாமியைக் கல்முனைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். எல்லாம் தேனும் பாலுமாக ஆகிவிடவில்லை. கறியில் உப்பில்லை என்று மாமி குறை சொல்வார், எந்த நாடகம் பார்ப்பதென்று இரண்டு பேரும் இழுபறிப்படுவார்கள். மாமியின் அறையில் அவருடைய சாமிப் படங்கள் அப்படியே இருந்தன. ஒரு பெருநாளுக்கு நான் வட்டிலப்பம் கொண்டுபோனேன். மாமி தன் பங்கைச் சாப்பிட்டுவிட்டு மருமகளின் பங்கையும் எடுத்துக்கொண்டார். ஜெசி அக்கா எனக்குக் கண்ணைக் காட்டிச் சிரித்தார். அந்த வருடங்களில் அவர் முகம் நல்ல தெளிவாக இருந்தது.

இன்று பின்னேரம் போய்ப் பார்த்தேன். வெள்ளைச் சாரி. தூங்குகிற மாதிரித்தான் இருந்தார்.

மாமியை வீல் சேரில் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். நான் அவர் கையைப் பிடித்தேன். "மகள், நேத்தும் எனக்குத் தலை இழுத்துக் கட்டிவிட்டவள்" என்றார். அந்தப் பின்னல் இன்னும் கலையாமல் இருந்தது.

நாளைக்குப் பின்னேரம் அடக்கம். கடை பூட்டியிருக்கும், மருந்து எடுக்க வருகிறவர்கள் காலையிலேயே வந்துவிடுங்கள்.

போயிட்டு வாங்க ஜெசி அக்கா... உங்களோடு ஒரே கவுண்டரில் நின்றது எனக்குச் சந்தோஷம்.