சாராயக் கொட்டகையின் கடிகாரப் பெட்டி

பாகூரிலிருந்து கரியமாணிக்கம் போகிற வழியில், கரும்புக் கொல்லைகளுக்கு நடுவில் ஒரு சாராய ஆலை இருந்தது. பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலம். என் வீட்டுக்காரருக்கு அங்கே மின்சாரக் காத்தாடியைப் போடுகிற வேலை. காய்ச்சி இறக்கிய சாராயத்தைத் தொட்டிகளில் நிரப்பி வைக்கும் கொட்டகைக்குள் எப்போதும் ஆவி தேங்கி நிற்கும். உள்ளே போனால் மூக்கு எரியும், கண்ணில் தண்ணீர் வரும். ஒரு சின்னப் பொறி விழுந்தால் போதும், கொட்டகையே போய்விடும் என்பார். அதனால் சாராயத்தை இறைக்கிற பம்பை ஓட்டுவதற்கு முன்னால் சுவரில் இருந்த பெரிய காத்தாடியைப் போட்டு ஆவியை வெளியே தள்ளிவிட வேண்டும். எவ்வளவு நேரம் ஓட வேண்டுமோ அவ்வளவு நேரம் ஓடின பிறகுதான் பம்பு. அந்தச் சுவிட்சு பக்கத்திலேயே, கொட்டகைக்கு வெளியே, அவர் உட்கார்ந்திருப்பார். எழுந்து போகக் கூடாது.

சாயங்காலம் நான் சோறு எடுத்துக்கொண்டு போவேன். எங்கள் வீட்டில் மாமியார், கொழுந்தனார்கள், அவர்கள் பெண்டாட்டிகள் என்று கூட்டம். புருஷனோடு இரண்டு வார்த்தை பேச இடம் கிடையாது. ஆலை மதிலோரம் அவர் சாப்பிட, நான் பேச, அதுதான் எங்களுக்கு இருந்த நேரம். காத்தாடி இரைச்சலில் கத்தித்தான் பேசணும். அதுவும் எனக்குப் பிடித்திருந்தது.

அப்புறம் புதுச்சேரியிலிருந்து ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர் வந்து, சுவருக்கு வெளியே ஓர் இரும்புப் பெட்டியைப் பொருத்திவிட்டுப் போனார். கனத்த மூடி, சுற்றிலும் மரையாணி. உள்ளே கடிகாரம். காத்தாடியை அதுவே போடும், பம்புக்கு அதுவே கரெண்டு விடும். காலையிலும் மத்தியானத்திலும் இவர் சாவி கொடுத்தால் போதும். மற்றபடி பகலில் சில்லறை வேலை, பொழுது சாய்ந்தால் வீடு.

"உனுக்கு இன்னாடி, புருஷன் நேரத்தோட வூட்டுக்கு வந்துடுவான்" என்று ஓரகத்தி சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவர் வீட்டுக்கு வரவில்லை. ஆலையிலிருந்து நேரே கரியமாணிக்கத்துக்குப் போனார். அங்கே அவருடைய அக்கா இருந்தாள். அண்ணி என்று கூப்பிடுவேன். தாலி அறுத்தவள், இரண்டு பெண் பிள்ளைகள், ஒரு கறவை மாடு. அவருக்குத் தாய் மாதிரி என்று எல்லாரும் சொல்வார்கள். தாய்தான் எங்கள் வீட்டிலேயே இருக்கிறாளே, இன்னொரு தாய் எதற்கு என்று எனக்குள் கேட்டுக்கொள்வேன்.

நன்றாக இருட்டின பிறகுதான் திரும்பி வருவார். வயிறு நிறைந்திருக்கும். "அக்கா இன்னிக்குக் கெளுத்தி மீன் கொழம்பு வச்சிருந்தா" என்பார். மறுநாள் நான் கெளுத்தி வாங்கி, அவள் போடாத பூண்டெல்லாம் போட்டு வைத்தேன். ஒரு கவளம் வாயில் வைத்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது" என்றார். அந்த 'தான்' எனக்கு ராத்திரி முழுக்கக் குத்தியது. கரும்புக் கொல்லைக்குக் களை எடுக்கப் போகும்போது ஆலை மதில் வழியாகத்தான் போகணும். அந்தப் பெட்டியைப் பார்த்தாலே வயிறு எரியும்.

ஒரு நாள் சாயங்காலம் ஆலையிலிருந்து ஆள் வந்தான். காத்தாடி ஓடவில்லை, பம்பும் கிளம்பவில்லை, உடனே அவர் வரணும் என்றான். "நானே போய்க் கூட்டியாறேன்" என்று கிளம்பினேன். அப்படி அங்கே என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது.

அண்ணி வீட்டுக் கொல்லைப்புற வேலியோரம் வந்தபோது அவர் குரல் கேட்டது. நின்றேன். ஒரு முறத்தைக் கவிழ்த்துப்போட்டு, அதன்மேல் விளக்குமாற்றுக் குச்சிகளை வைத்து, கடிகாரம் எப்படி வேலை செய்கிறது என்று அக்காவுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

"இந்த முள்ளு இங்க வந்தா காத்தாடி ஓடும். சுத்திக்கினு இங்க வந்தாத்தான் பம்புக்குக் கரெண்டு. பெட்டிக்குள்ள பொறி பறந்தாலும் வெளிய வராது, மூடி அவ்ளோ கனம்."

அண்ணி மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டே கேட்டாள். "நடுவுல கடிகாரம் நின்னுட்டா?"

"நின்னா பம்பு ஓடாது. ஆபத்தும் இல்ல."

அவர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசத்தை நான் பார்த்ததில்லை. அந்தப் பெட்டியைப் பற்றி என்னிடம் இவ்வளவு சொன்னதே கிடையாது. மீன் குழம்பை விட இது எனக்கு அதிகமாக எரிந்தது.

"நின்னுதான் போச்சு. வாங்க" என்றேன்.

வரப்பில் வேகமாக நடந்தோம். நான் பின்னாலிருந்து கேட்டேன். "அக்காவுக்கு முறத்த வச்சு வெளக்கறீங்க. எனக்கு ஏன் சொல்லல?"

"நான் பொட்டின்னு வாயத் தொறந்தாலே நீ மூஞ்சியத் திருப்பிக்கிற. அப்புறம் எங்கேர்ந்து சொல்றது?"

அது நிஜம்.

கடிகாரத்தில், சாவி கொடுத்தால் சுருளுகிற வில் முறிந்திருந்தது. புதியது புதுச்சேரிக்கு எழுதிப் போட்டு வரவழைக்கணும். அதுவரை பெட்டியின் கரெண்டு இணைப்பைக் கழற்றிவிட்டு, பழையபடி கையாலேயே சுவிட்சு போட அவரை உட்கார வைத்தார்கள். நான் பழையபடி சோறு கொண்டுபோனேன். இந்தத் தடவை நானே பெட்டியைப் பற்றிக் கேட்டேன். ஆசையாகச் சொன்னார். ஆனால் நான் ஒன்று கேட்டால், "அக்காகூட இதத்தான் கேட்டா" என்பார். முதலில் கேட்டது நானாக இருந்திருக்கக் கூடாதா என்று சோற்றுச் சட்டியைக் கழுவிக்கொண்டே நினைப்பேன்.

வில் வந்தது. கடிகாரம் மறுபடி ஓடியது. முதல் நாளே சொல்லிவிட்டேன், "அண்ணி வூட்டுக்கு நானும் வரேன்." மாமியார் முணுமுணுத்தாள். அவர் வரப்பில் இறங்கி நடந்தார். நானும் கூட நடந்தேன்.

அண்ணி பாய் விரித்தாள், மோர் கொடுத்தாள். வெள்ளைக்கார எஞ்சினியர் வந்து புது வில்லை எப்படி மாட்டினார் என்று இவர் ஆரம்பித்தார். எனக்குப் பாதி ஏற்கெனவே தெரியும். குறுக்கே குறுக்கே கேட்டேன். கொஞ்ச நேரத்தில் அவர் என்னைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் எதற்கோ சிரித்தோம். அண்ணிக்கு அது புரியவில்லை.

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். உள்ளே குண்டானை வைக்கிற சத்தம் கொஞ்சம் பலமாகக் கேட்டது.

"அக்கா, இன்னா பண்ற? வந்து கேளு" என்று அவர் கூப்பிட்டார்.

"நீங்க பேசுங்கப்பா. எனுக்கு வேல கெடக்குது."

அவள் குரலில் இருந்தது என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. எழுந்துபோய் அவளுக்குக் கூடமாட ஏதாவது செய்திருக்கலாம். நான் பாயில் இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, "அப்புறம்?" என்றேன்.