நாற்பத்து மூன்று பொட்டலங்கள்

பள்ளி வாசலில் பிள்ளைகளின் பையைத் துழாவும்போது எங்கள் அண்ணி பைக்குள் பார்க்கவே மாட்டார். கை உள்ளே இருக்கும், கண் பிள்ளையின் முகத்தில் இருக்கும். அதே வாசலைக் கூட்டுகிறவள் என்பதால் பதினான்கு வருடங்கள் இதைப் பார்த்திருக்கிறேன். ஒருநாள் கேட்டேன்.

"உள்ள பாக்காம எப்படி அண்ணி தெரியுது?"

"உள்ள பார்த்தா அதுங்களுக்குக் கூசும். கள்ளத்தனம் இருந்தா முதல்ல மூஞ்சியிலதான் தெரியும். அப்புறம்தான் பையில."

அண்ணி என் அண்ணனின் மனைவி, பள்ளியின் வாசல் காவலர். எங்கோ ஒரு பள்ளிக்குள் ஒரு பையன் கத்தியோடு நுழைந்து விபரீதமாகிவிட்டது. அதன்பிறகு எல்லாப் பள்ளிகளிலும் பைகளைச் சோதிக்க உத்தரவு வந்தது. உத்தரவோடு ஒரு மேஜையும் ஒரு பதிவேடும் வந்தன, அவ்வளவுதான். ஆயிரத்து இருநூறு பிள்ளைகளுக்கு இரண்டே கைகள். வரிசை மருந்துக்கடையைத் தாண்டித் தெருமுனைவரை நீளும். மழையென்றால் நனைந்துகொண்டே நிற்கும். மணி அடித்த பிறகும் சின்னஞ்சிறுசுகள் வெளியில் திருதிருவென்று விழித்துக்கொண்டிருக்கும்.

அண்ணி காய்ச்சலில் படுத்திருந்த ஒருநாள் வேறொருவர் வாசலில் நின்றார். அவருக்கு அவசரம். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் பையை அப்படியே மேஜைமேல் கவிழ்த்துவிட்டார். மாதவிடாய்க்காக அவள் வைத்திருந்த பஞ்சுகள் உருண்டு தரையில் விழுந்தன. பின்னால் நின்ற பையன்கள் சிரித்தார்கள். அந்தப் பெண் பத்து நாள் பள்ளிக்கு வரவில்லை. அதைக் கேட்டதிலிருந்து அண்ணி ஒருநாள்கூட விடுப்பு எடுத்ததில்லை. தலைமையாசிரியையைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே பேச்சுதான்.

"விமான நிலையத்துல கை போடாமலே உள்ள பாக்குற மெஷின் இருக்காமே மேடம். நம்ம பிள்ளைங்களுக்கு அது வராதா?"

மூன்று வருடம் கேட்டார். நான்காம் வருடம், பள்ளிகளுக்குச் சோதனை இயந்திரம் வாங்க அரசே நிதி தரும் என்று அறிவிப்பு வந்தது. தலைமையாசிரியை அன்றே விண்ணப்பம் போட்டார். இரண்டு மாதத்தில் பதில் வந்தது. அவர் அறைக்கு அண்ணியைக் கூப்பிட்டார்கள். நான் கதவோரம் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

தலைமையாசிரியை வாசித்தார்: "தங்கள் பள்ளிப் பதிவேட்டின்படி, பதினான்கு ஆண்டுகளில் ஆபத்தான பொருள் ஒன்றுகூடக் கைப்பற்றப்படவில்லை. எனவே இயந்திரத்தின் தேவை எழவில்லை."

தினமும் பதிவேட்டில் தேதி போட்டு, குண்டு குண்டான எழுத்தில் 'இல்லை' என்று எழுதியவர் அண்ணியேதான்.

பக்கத்தில் நின்ற அலுவலக எழுத்தர் விடுவாரா? "பதினாலு வருஷமா நம்ம அம்மா வாசல்ல நின்னு பன்னீர் தெளிச்சிருக்காங்க மேடம். வாங்க வாங்கன்னு."

"நிஜமாவே ஒண்ணும் கிடைக்கலையா?" என்றார் தலைமையாசிரியை.

"கிடைச்சுது மேடம். எழுதலை."

"ஏன்?"

"அதுல பேரு, வகுப்புன்னு கட்டம் இருக்கு. எழுதினா அந்தப் பேரு அங்கயே கிடக்கும். நாளைக்கு அந்தப் பிள்ளை ஒரு வேலைக்குப் போனா, அதுவும் கூடவே போகும். பொருளைப் பிடுங்கிக்கிட்டு, அம்மா அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லிட்டேன். அதோட விட்டுட்டேன்."

எழுத்தர் பேனாவை எடுத்துவிட்டார். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலை. அஞ்சாறு பேரைச் சொல்லுங்க, பழைய தேதி போட்டு எழுதிக்கிறேன். மெஷின் வந்துரும்."

"சொல்ல மாட்டேன் சார்."

"அப்போ மெஷின் வராது."

மேல்முறையீட்டுக்குப் பதினைந்து நாள் இருந்தது. நானே நேரில் போய்ச் சொல்கிறேன் என்று அண்ணி கேட்டார். வேறு வழி தெரியாமல் தலைமையாசிரியை கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வீட்டில் அண்ணன் சிரித்தான். "அதிகாரிங்க முன்னாடி நீ பேசப்போறியா? உன் வாய் என்கிட்ட மட்டும்தானே நீளும்."

"உங்ககிட்ட பேசிப் பேசித்தானே பழகியிருக்கேன்" என்றார் அண்ணி. அலமாரிக்கு அடியிலிருந்து ஒரு பெரிய பிஸ்கட் டப்பாவை இழுத்தார். என்னையும் கூட வரச் சொன்னார்.

கல்வி அலுவலக வாசலில் போய் நின்ற பிறகுதான் எங்கள் மடத்தனம் புரிந்தது. ஆளுயரக் கதவுச் சட்டம், பக்கத்தில் சுரங்கம் மாதிரி ஓர் இயந்திரம், அதற்குள் ஓடும் கறுப்புப் பட்டை. அண்ணி மூன்று வருடமாகக் கேட்ட அதே மெஷின். ஊரார் பையையெல்லாம் சோதித்த மனுஷிக்கு, தன் பையையும் ஒருவர் சோதிப்பார் என்று தோன்றவே இல்லை. டப்பாவை என் கையிலிருந்து வாங்கிப் பட்டையில் வைத்தார் காவலர்.

டப்பா உள்ளே போனது. பட்டை நின்றது. திரையைப் பார்த்த காவலர் எழுந்தே விட்டார். பழுப்பு நிறப் பொட்டலங்களுக்குள் நீல நீலமாகக் கத்திகள், பிளேடுகள், ஒரு சங்கிலி, கூர் தீட்டிய இரும்பு ஸ்கேல்.

"என்னம்மா இது? கசாப்புக்கடையா நடத்துறீங்க?"

"பள்ளிக்கூடம் சார்" என்றார் அண்ணி.

காவலர் விசில் ஊதினார். இன்னும் இரண்டு காவலர்கள் ஓடிவந்தார்கள். படிக்கட்டில் ஆள் கூடியது. மேல்மாடியில் எங்களுக்காகக் காத்திருந்த மேல்முறையீட்டுக் குழுவின் தலைவி, கண்ணாடி போட்ட ஒரு மூத்த அதிகாரி, சத்தம் கேட்டு இறங்கிவந்தார். திரையை உற்றுப் பார்த்தார். பிறகு டப்பாவைத் திறக்கச் சொன்னார்.

நாற்பத்து மூன்று பொட்டலங்கள். ஒவ்வொன்றிலும் தேதியும் பொருளும் எழுதியிருந்தன. பெயர் எதிலும் இல்லை. மரப்பிடி போட்ட பெரிய கத்தியொன்றை அவர் தூக்கிப் பார்த்தார்.

"இது?"

"இரண்டாம் வகுப்பு மேடம். சிநேகிதனுக்குப் பிறந்தநாளாம். கேக் வெட்டக் கொண்டுவந்தான்."

யாரோ சிரித்தார்கள். அவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த பொட்டலத்தைப் பிரித்தார். மடக்குக் கத்தி. அதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

"இது கேக் வெட்டுறதுக்கு இல்லையே. இதெல்லாம் பதிவேட்டில ஏன் இல்லை?"

பள்ளியில் சொன்னதையே அண்ணி இங்கும் சொன்னார்.

"விதிப்படி இது தப்பு, தெரியுமா?"

"தப்புதான் மேடம். அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க. மெஷினையும் குடுங்க."

"பேரையெல்லாம் இப்ப சொல்லுங்க, பார்க்கலாம்."

"மறந்துபோச்சு."

"நாப்பத்தி மூணுமா?"

"நாப்பத்தி மூணுமே."

நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். பள்ளியைவிட்டுப் போய்ப் பத்து வருடம் ஆன பிள்ளைகளையும் தெருவில் கண்டால் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் அவர்.

கூட இருந்த குழு உறுப்பினர் ஏதோ விதியைக் காட்டப் போனார். அதிகாரி அவரைக் கையமர்த்தினார்.

"நாம நம்ம வாசல்ல இந்த மெஷினை வெச்சிருக்கோம் சார். நம்மகிட்ட யாரு கத்தி கொண்டுவந்தா? இன்னைக்குத்தான் முதல் தடவை. அதுவும் இவங்க கொண்டுவந்தது. பதிவேட்டைப் பார்த்து முடிவு பண்றதுன்னா, முதல்ல இதைத்தான் கழட்டணும்."

காவலர் சத்தமாகவே கைதட்டிவிட்டார். பிறகு வெட்கப்பட்டு நிமிர்ந்து நின்றுகொண்டார்.

இரண்டு கடிதங்கள் ஒரே நாளில் வந்தன. ஒன்று, பதிவேட்டைச் சரியாக எழுதாததற்காக அண்ணிக்கு எச்சரிக்கை. இன்னொன்று, இயந்திரத்துக்கு நிதி ஒதுக்கீடு. எச்சரிக்கைக் கடிதத்தை எழுத்தர் அண்ணியிடம் நீட்டினார்.

"தண்டனையைக் கேட்டு வாங்கின ஆளை இப்பத்தான் பாக்குறேன். கையெழுத்துப் போடுங்கம்மா."

"மெஷின் கடுதாசியிலயும் போடவா?"

"அதுல நீங்க போட வேண்டாம். அதுல மேடம் போட்டாச்சு." சொல்லிவிட்டு, பன்னீர் தெளித்த கதைக்கு மன்னிப்பும் கேட்டார்.

இயந்திரம் லாரியில் வந்த அன்று பிள்ளைகள் எல்லா ஜன்னலிலும் தொங்கினார்கள். மறுநாள் காலை முதல் பை பட்டையில் ஏறியது. மூடியபடி போய், மூடியபடி வந்தது. கடைசிப் பிள்ளை உள்ளே போனபோது மணி இன்னும் அடிக்கவில்லை. வாசலில் நின்ற அம்மாக்களும் அப்பாக்களும் தெருவே அதிரக் கைதட்டினார்கள். திரைமுன் உட்கார்ந்திருந்த அண்ணி எழுந்து நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல் அவரும் சேர்ந்து தட்டினார்.

இப்போது இது மூன்றாவது வருடம். புதிய பதிவேட்டில் தேதிக்கும் பொருளுக்கும் மட்டுமே கட்டம் உண்டு. அந்த நிதியில் இதுவரை பதினொரு பள்ளிகளுக்கு இயந்திரம் வந்திருக்கிறது. எங்கள் பள்ளியில் ஆயிரத்து இருநூற்று நாற்பது பைகள் ஐம்பது நிமிடத்தில் உள்ளே போகின்றன. எந்தப் பையையும் யாரும் மேஜைமேல் கவிழ்ப்பதில்லை.